மரத்துக்கு விலை உண்டு, ஏறினவருக்கு?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர்ச் சீமைகளைச் சிதைத்துக்கொண்டு மேற்கே நகர்ந்து, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தையும் அதைச் சூழ்ந்த வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் முதலிய ஊர்களையும் கடந்து சென்றபோது, பல ஆண்டுகள் நின்று பலன் தந்த தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. வீழ்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என்று மாநில அரசு நிவாரணம் வகுத்தது. நட்ட கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாகுமே, இது எந்த மூலைக்கு என்று விவசாயிகள் கேட்டது முற்றிலும் நியாயம். ஆயினும் அந்த விவாதத்தின் ஆரவாரத்தில் எவரும் அதிகமாகக் கேளாத வேறொரு கேள்வி உண்டு: மரம் விழுந்ததனால் ஜீவனத்தை இழந்தவர் அந்த மரத்துக்கு உடையவர் ஒருவர்தானா என்பது.

ஒரு தென்னந்தோப்பில் எத்தனை பேருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறதென்று எண்ணிப் பார்த்தால் இக்கேள்வியின் கனம் புலப்படும். வெட்டுக்கு வெட்டு தோப்புக்குத் தோப்பு போய் மரம் ஏறுகிறவர், இறக்கிய காயைப் பொறுக்கிக் குவிக்கிறவர், பாரை நட்டு மட்டை உரிக்கிறவர், லாரியில் ஏற்றுகிறவர், விழுந்த மட்டையை ஊறவைத்துக் கீற்று முடைகிற பெண்கள், மட்டையிலிருந்து கயிறு திரிக்கிற கூடத்தில் கூலிக்கு நிற்பவர்கள் என்று அந்த வரிசை நீளும். தோப்போரங்களில் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் பயிரிடும் பூமி அது. பொழுது விடியுமுன் பூப்பறித்து, கீரமங்கலத்துக் கமிஷன் கடைக்குப் பூ போய்ச் சேரும்வரை உழைக்கும் பெண்களையும் இக்கணக்கிலே சேர்த்துக்கொள்ளவேண்டும். புயலில் மின்கம்பங்கள் விழுந்து ஆழ்குழாய்க் கிணறுகள் ஓய்ந்தபோது பாசனம் நின்றது. பாசனம் நிற்கவே இவர்களுக்கும் வேலை நின்றது. மரத்துக்கு மரம் விலை குறித்த அந்த ஏற்பாட்டிலோ, மரம் ஏறினவருடைய கூலிக்கென்று ஒரு பத்தி இல்லை.

உடைமைக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்ட சமூகம், உழைப்புக்கு நேர்ந்த நஷ்டத்தையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டதா? ‘இல்லை’ என்பாருடைய வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுவது முறையன்று. மரம் கண்ணுக்குத் தெரிவது, எண்ணக்கூடியது. இழந்த வேலையை எப்படி எண்ணுவது என்பர். தோப்புக்காரர் ஓரிடத்தில் வேரூன்றிவிட்டவர், கூலியாளோ கையை வீசிக்கொண்டு வேறூர் போகலாம் என்பர். கொடுக்கிற பணம் உழைப்பில் விருப்பத்தைக் கெடுத்துச் சோம்பலை வளர்க்கும் என்பது மூன்றாவது. முதலாவது, நிர்வாகத்துக்கு நேரும் சிரமத்தைச் சொல்கிறதேயன்றி நியாயத்தைச் சொல்லவில்லை. இரண்டாவதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது: ஒன்றுமில்லாதவனுக்கு ஊரை விட்டுப் போகிற வசதி இருக்கிறது, ஆகவே அவனுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று முடிகிறது அது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிற குடும்பங்கள் புதுக்கோட்டைச் சீமையில் ஏராளம். விரும்பிப் போவதும், இருக்கவொண்ணாமல் போவதும் ஒன்றாகா.

மூன்றாவது வாதத்துக்கு விடை தேடுமுன் ஜெர்மனி தேசத்து அனுபவத்தைப் பார்ப்பது உதவும். 1927-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாடு வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தைப் பொறுத்துச் சந்தா செலுத்த, வேலை போனவருக்கு உதவித்தொகை உரிமையாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். தர்மமாகப் பெறுவது என்ற நிலையிலிருந்து உரிமையாகப் பெறுவது என்ற நிலைக்குத் தொழிலாளியை ஏற்றியதே அச்சட்டத்தின் பெருமை. ஆனால் இரண்டாண்டு கழித்து உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்துகொள்ள, சந்தாவை உயர்த்துவதா, உதவியைக் குறைப்பதா என்ற தகராறிலே 1930 மார்ச்சில் பிரதமர் ஹெர்மன் முல்லரின் மந்திரிசபை கவிழ்ந்தது. அக்காலத்து வைமர்க் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மையின் பலத்தில் நின்ற கடைசி மந்திரிசபை அதுதான். 1932-இல் வேலையில்லாதோர் தொகை 60 லட்சத்தை எட்டியபோது உதவித்தொகையும் வெட்டப்பட்டது. 1928-இல் 2.6 சதவிகித வாக்குப் பெற்ற நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37.3 சதவிகிதம் பெற்றதை யாவரும் எடுத்துக்காட்டுவர். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு: வேலை இழந்த தொழிலாளரிற் பலர் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்தனர், நாஜிகளுக்குப் பேரளவில் வாக்களித்தவரில், தங்களுக்கும் அக்கதி வந்துவிடுமோ என்று நடுங்கிய சிறுவியாபாரிகளும் குடியானவரும் மிகுதி. வேலையின்மையின் கேடு அதை அனுபவிப்பவரோடு நின்றுவிடுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் புத்தியையும் அது கலக்குகிறது.

சோம்பல் வளரும் என்ற அந்த மூன்றாவது வாதத்துக்கு வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்டால் என்ற சிற்றூர் பதில் சொல்கிறது. ஊருக்கே ஆதாரமாயிருந்த நெசவாலை மூடப்பட்ட பிறகு அங்கே மாரி யாஹோடாவும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1933-இல் வெளியிட்ட நூலில், ஓய்வு பெருகியும் நூலகத்திலே புத்தகம் எடுப்பது குறைந்துபோனதையும், தெருவில் ஆண்களின் நடையே தளர்ந்துபோனதையும் அளந்து காட்டினர். அடுப்பும் குழந்தைகளும் இருந்தமையால் பெண்களுக்கு மட்டும் பொழுது நிறைந்தே இருந்தது. உதவித்தொகை தந்த சுகத்தால் விளைந்த சோம்பல் இதுவென்று எவர் சொல்வர்? வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கையும் மனிதனுக்கு ஒரு கண்ணியத்தையும் தருகிறது. அது போனபின் கிடைக்கும் காசு பசியைத் தணிக்குமேயன்றி அந்த ஒழுங்கை மீட்டுத் தராது. ஆகவே வேலையே கொடு என்பதுதான் உயர்ந்த கொள்கை.

அந்தக் கொள்கையை 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பெரிதும் ஏற்றது. கேட்ட பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்கவேண்டும் என்றும் அது விதித்தது. ஆனால் கீரமங்கலம் பேரூராட்சி. ஊரகச் சட்டத்தின் எல்லைக்கு அது புறம்பாயிருந்தது. பக்கத்து ஊராட்சியில் வாழ்ந்தவர் நூறு நாள் வேலைக்குப் போக முடிந்தது, பேரூராட்சியில் வாழ்ந்தவர் போக முடியவில்லை. இருவரும் ஒரே தோப்பில் ஒரே நாளில் வேலை இழந்தவராயிருக்கலாம். புயல் அந்த எல்லைக்கல்லைப் பார்த்து வீசவில்லை. கடவுளிடமே குற்றம் கண்ட நக்கீரரோடு தன்னை இணைத்துப் பேசிக்கொள்ளும் ஊர் கீரமங்கலம். இந்த எல்லைக்கோட்டில் குற்றம் காண அதற்குக் கூடுதல் உரிமை உண்டு. புயல் அடித்த அதே 2018-இல்தான், ஜூலை முதல், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சிறிது காலம் உதவி தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆலைப் பதிவேட்டில் பெயருள்ளவருக்கு அது எட்டும், கீற்று முடைகிறவருக்கு எட்டாது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, பூவுக்கு விலையும் வழியும் இன்றிப்போனபோது இவ்வேற்றுமை இன்னும் தெளிவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையில் இருந்தபடியே, குறைந்த நேரம் உழைத்து, இழந்த நிகரக் கூலியில் பெரும்பகுதியை அரசுக் காப்பீட்டு நிதியிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தனர். 1932-இல் தெருவில் நின்றவரின் தொகையும் ஏறத்தாழ அதுவே.

நிரந்தர முதலாளி இல்லாதவருக்கு எவரிடம் சந்தா வசூலிப்பது என்பதே இனி மிஞ்சும் சிக்கல். ஒரு வாரத்தில் ஏழு தோப்பில் ஏறுகிறவருக்கு எந்தத் தோப்புக்காரர் பொறுப்பு? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: கட்டடத் தொழிலாளி இடத்துக்கிடம் மாறினாலும், கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கு தீர்வையாக நலவாரியத்துக்குச் சேர்கிறது. தேங்காய்க்கும் பூவுக்கும் அவ்வாறு ஒரு தீர்வை விதிப்பது முடியாத காரியமன்று. ஆனால் அதைக் கமிஷன் கடைச் சிட்டையில் கழித்துக்கொள்ளலாம் என்று எளிதில் சொல்லிவிடக்கூடாது; கமிஷன் போக மிஞ்சுவதை வாங்கிக்கொண்டு போகிற பூ விவசாயி, தன் சரக்கின் விலையைத் தானே நிர்ணயிக்க வழியற்றவர். விழுந்த மரத்தின் உடையவரும் பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர்க்காரரே. ஆகவே அத்தீர்வை, அந்தப் பூவையும் தேங்காயையும் கடைசியாக விலைகொடுத்து வாங்குகிற பட்டணத்து விற்பனையின் தலையில்தான் விழவேண்டும். முழம் பூவுக்குச் சில காசு கூடும் என்று அங்கே முணுமுணுப்பு எழுவது நிச்சயம்.