அந்நியர் கொடுக்கும் தோள்

இறந்தவரின் பின்னே நடப்பதற்கு உறவு வேண்டுமா? இக்கேள்வியை நாம் அடிக்கடி கேட்டுக்கொள்வதில்லை. நம் வழக்கமே அதற்கு விடை கூறிவிட்டது. பள்ளிவாசலிலிருந்து கபரஸ்தானை நோக்கிச் சந்தூக்குச் செல்லும்போது, எதிரே வரும் வழிப்போக்கர் ஒருவர் தம் வேலையை மறந்து பத்து அடி தூரம் தோள் கொடுப்பார். அடுத்தவர் தோள் நுழைந்ததும் விலகித் தம் வழியே சென்றுவிடுவார். மையித்து யாருடையது என்று அவர் கேட்பதில்லை. அவர் யாரென்று வீட்டாரும் கேட்பதில்லை. அந்தப் பத்து அடியில் அடங்கியிருக்கும் அறம் எத்தகையது என்பதையே இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

இச்சிந்தனைக்கு நம்மைத் தூண்டியவர்கள், போரில் மாண்ட வீரர்களின் நல்லடக்கத்துக்கு மோட்டார் சைக்கிள்களில் சென்று மரியாதை செலுத்தும் தொண்டர்கள். வீரரும் அவருடைய ஊர்தியும் வள்ளூர் வட்டாரத்தாராகிய நமக்குப் புதியவை அல்ல. திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில்தான் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கின்றது. 1965ஆம் ஆண்டு முதல் விஜயந்தா டாங்கிகளும், பின்னாளில் அர்ஜுன் டாங்கிகளும் அங்கிருந்தே படைக்குச் சென்றன. முன்பு இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில், 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தார் செய்த புல்லட் வண்டியையும் முதலில் நாடியது நம் இராணுவமே. வீரன் ஏறிச் செல்லும் ஊர்தியைச் செய்த கைகள் நம் பக்கத்துக் கைகள். அவன் ஊர்தியில் கிடத்தப்பட்டுத் திரும்பி வரும்போது, நம் கடமை என்ன என்று எண்ணிப் பார்த்தல் தகும் அன்றோ?

அக்கடமையைத் தமிழ்நாடு ஒருநாள் கண்ணெதிரே செய்து காட்டியது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படையின் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர்தம் துணைவியார் உள்ளிட்ட பதின்மூவர் அன்றே உயிர் நீத்தனர். எஞ்சியிருந்த விமானப்படை அதிகாரி டிசம்பர் 15இல் காலமானார். தீயைக் கண்டு முதலில் ஓடி வந்தவர்கள் அச்சிற்றூர் மக்கள். அடிபட்டோரைத் தூக்கிச் செல்லத் தம் வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூர் விமானத்தளத்துக்கு உடல்கள் கொண்டு செல்லப்பட்டபோது, வழிநெடுகிலும் மக்கள் நின்று வாகனங்களின் மீது மலர் தூவினார்கள். அவர்களுள் எத்தனை பேர் அந்தத் தளபதியை நேரில் அறிந்திருப்பார்கள்?

இங்கிலாந்திலும் இவ்வாறு ஒரு சிற்றூர் நின்றது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்ட வீரர்களின் உடல்கள் 2007 முதல் 2011 வரை வுட்டன் பாசெட் என்னும் ஊரின் கடைத்தெரு வழியே சென்றன. முதலில் முன்னாள் படைவீரர் சிலர் நின்று வணங்கினர். பின்னர் விற்போரும் வாங்குவோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவோரம் வந்து நின்றனர். 167 முறை அத்தெரு அவ்வாறு நின்றது. 345 உடல்கள் அதனைக் கடந்து சென்றன. மணி ஒலித்தது, மக்கள் மௌனமாய் நின்றார்கள், சொற்பொழிவு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்குக் கான்சாஸ் மாநிலத்துச் சிறு தேவாலயக் கூட்டம் ஒன்று, வீரர்களின் நல்லடக்கம் நடைபெறும் இடங்களுக்கே சென்று, நாட்டின் பாவத்துக்காக இறைவன் தந்த தண்டனையே இச்சாவு என்று பலகை ஏந்தி நின்றது. மகனை இழந்த தாயின் செவியில் அக்கூச்சல் விழுந்தது. இதனைக் கண்டு பொறாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் 2005இல் ஒன்றுகூடி, ‘பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரும் பலர் இருந்தனர். வண்டி இல்லாதவரும் அதில் சேரலாம். குடும்பத்தார் அழைத்தாலன்றி அவர்கள் செல்வதில்லை. சென்றால், கொடிகளை ஏந்தி வரிசையாய் நின்று, பழிப்போருக்கும் அழுவோருக்கும் இடையே ஒரு மதிலாகிவிடுவார்கள். வசைக்கு எதிர் வசை கூறுவதில்லை. சில வேளை எஞ்சின்களை முடுக்கி, அந்த ஓசையால் வசையை மூழ்கடித்ததுண்டு.

ஒரு வீரரின் தந்தை அந்தக் கூட்டத்தார் மீது தொடுத்த வழக்கில், 2011ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அக்கூட்டத்தாருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பேச்சுரிமை அந்நாட்டில் அத்துணை வலிமை வாய்ந்தது. சட்டம் தடுக்க இயலாத கொடுமையை அயலார் சிலர் வெறுமனே நின்று தடுத்தனர். சட்டம் முடிகின்ற இடத்தில் பண்பாடு தொடங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, நம் நெஞ்சில் எழும் ஐயங்களை மறைக்காமல் கேட்போம். அந்த வீரர் சென்ற போர் நேர்மையற்றது என்று நாம் கருதினால், அவர் பெட்டியின் முன் நிற்கலாமா? ஈராக் போரை அநீதி என்று எண்ணியவர்கள் முஸ்லிம்களில் மட்டுமன்று, பிரிட்டிஷாரிலும் பலர் இருந்தனர். 2010 ஜனவரியில் முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு சிறு குழு வுட்டன் பாசெட் தெருவில் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தப்போவதாக அறிவித்தபோது, அந்நாட்டு முஸ்லிம் அமைப்புகளே அதனைக் கண்டித்தன, ஊர்வலம் நடைபெறவில்லை. போரைப் பற்றிக் கேட்கவேண்டியதை ஆள்வோரிடம் கேட்கவேண்டும். அதற்கு மன்றங்கள் உண்டு, தேர்தல்கள் உண்டு. அழுகின்ற வீட்டின் வாசல் அதற்குரிய மன்றம் அன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்ற நிகழ்ச்சி நாம் அறிந்ததே. இறந்தவர் யூதர் என்று தோழர்கள் எடுத்துக் கூறியபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் கருத்திலேயே அண்ணலார் விடையளித்தார்கள். ஜனாஸாவுக்காக எழுந்து நிற்றல் கடமையா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்விடையில் உள்ள காரணம் எந்தக் காலத்துக்கும் உரியது. மரணத்தின் முன் மனிதர் பார்க்கவேண்டியது கட்சியை அன்று, உயிரை.

இரண்டாவது ஐயம் முகஸ்துதி பற்றியது. நம் நாட்டிலும் வீரரின் உடல் ஊருக்கு வரும்போது, இளைஞர்கள் இரு சக்கர வண்டிகளில் கொடியேந்தி முன்னும் பின்னும் செல்லும் வழக்கம் பரவியுள்ளது. அவர்கள் அன்பை நாம் குறைத்துக் கூறமாட்டோம். ஆனால் ஆரன் ஒலியும், முழக்கமும், கைப்பேசியில் தம்மைத் தாமே படம் பிடித்தலும் மிகும்போது, அந்த ஊர்வலம் யாருக்காகச் செல்கின்றது என்ற வினா எழத்தான் செய்யும். கான்சாஸிலும் எஞ்சின் முழங்கியது, இங்கும் முழங்குகின்றது. அங்கு அது அழும் தாயின் செவிக்குக் கேடயம்; இங்கோ அவளது அழுகையையே மூழ்கடிக்கும் பேரிரைச்சலாகிவிடக்கூடும். ஓசை ஒன்றே, நிய்யத்து வேறு. அழைத்தால் செல்வதும், சென்றால் அடங்கி நிற்பதும், நின்றதற்குக் கூலி கேளாமல் திரும்புவதுமே மரியாதையை முகஸ்துதியிலிருந்து பிரிக்கும் வரம்புகள். பத்து அடி நடந்துவிட்டு விலகிச் செல்லும் வழிப்போக்கர் இம்மூன்றையும் யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கின்றார்.

மூன்றாவது ஐயமே நம்மை மிகவும் உறுத்துகின்றது. ஒருநாள் மரியாதை போதுமா? பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் 1948 ஜூலை 3ஆம் நாள் காஷ்மீர்ப் போர்முனையில், ஜங்கர் என்னுமிடத்தில் குண்டு பட்டு மாண்டார், வயது முப்பத்தைந்து. நௌஷேராச் சிங்கம் என்று நாடு அவரைப் போற்றியது. தில்லியில் அரசு மரியாதையுடன் நடந்த அவரது நல்லடக்கத்தில் பிரதமர் நேரு கலந்துகொண்டார். மணம் புரியாத அவர், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைச் சிறுவரின் படிப்புக்கே செலவிட்டவர் என்பர். ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் கபரஸ்தானில் அவர் துயில்கின்றார். 2020 டிசம்பரில், அந்தக் கபரின் கல் உடைந்து கிடப்பதாகப் படத்துடன் செய்தி வெளியாயிற்று. அதன் பின்னரே அது சீரமைக்கப்பட்டது. பிரதமர் வந்து நின்ற கபர் அது! பெற்ற மக்கள் இல்லாத ஒருவரின் கபரைப் பேணுவது யார் பொறுப்பு?

ஜனாஸாத் தொழுகையைப் பர்ளு கிஃபாயா என்று நாம் கற்றிருக்கின்றோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் ஊரே குற்றத்துக்கு ஆளாகும். அது முஸ்லிமின் மையித்துக்குரிய சட்டமேயாயினும், அதன் உட்கருத்து எல்லா ஊருக்கும் பொருந்தும். நல்லடக்கத்துக்கு ஊர் திரண்டுவிட்டால் நம் பொறுப்பு நீங்கிவிட்டது என்று மகிழ்கின்றோம். நாற்பது நாட்களுக்குப் பின் அந்த விதவை, ஓய்வூதியத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வழி கேட்டு நிற்கும்போது, உடன் செல்பவர் யார்? அங்கே ஊர் முழுதும் கடன்பட்டு நிற்கின்றதே!

மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் வீரமரணம் எய்திய செய்தி மதீனாவை எட்டியபோது அண்ணலார் செய்ததை நினைவு கூர்வோம். துயரம் அக்குடும்பத்தாரை ஆட்கொண்டுவிட்டது, அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று பணித்தார்கள். தந்தையற்ற அச்சிறுவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்றும் அறிவித்தார்கள். மாண்ட வீரருக்குச் செய்யும் மரியாதை அடுப்பங்கரையிலிருந்து தொடங்கிப் பிள்ளைகளின் எதிர்காலம் வரை செல்லவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எனவே அந்த மோட்டார் சைக்கிள் தொண்டர்களை நாம் பாராட்டுகின்றோம். உறவில்லாத இடத்தில் உறவாய் நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் போல் நிற்க நம் இளைஞர்களும் முன்வரட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, தலைகுனிந்து நிற்கட்டும். அவ்வண்டிகள் நாற்பதாம் நாளும் அந்த வீட்டு வாசலுக்கு ஓசையின்றி வரட்டும். கபரஸ்தானை அடைந்ததும் சந்தூக்குத் தோளிலிருந்து இறங்கிவிடும். வீட்டார் சுமக்கும் சுமை இறங்குவதில்லை. அதற்கும் பத்து அடி தோள் கொடுப்பவர் வேண்டும்.