பக்கத்து வீட்டுப் பிணை

குழு லோன் கூட்டம் நடக்கும் வீட்டுத் திண்ணை. பத்துப் பெண்களில் ஒன்பது பேர் வந்து தவணையைக் கட்டிவிட்டார்கள். வசூலுக்கு வந்த இளைஞர் பணத்தை எண்ணி, அட்டையில் கையெழுத்துப் போட்டு முடிக்கிறார். பத்தாமவர் வரவில்லை. அந்த இளைஞர் யாரையும் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "முழுசா வந்தாத்தாங்க்கா கணக்கை முடிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகவேண்டியவர்களுக்கு நேரமாகிறது. அரை மணி நேரம் கழித்து இரண்டு பெண்கள் எழுந்து, வராதவரின் வீட்டுக்கு நடக்கிறார்கள். அந்த வாசலில் தெருவே கேட்கும்படி என்ன பேசப்படும் என்பது குழு லோன் புழங்கும் எந்த ஊருக்கும் தெரியும்.

இதில் அந்த இளைஞர் மீறிய விதி எது? தேடினால் அகப்படாது.

கடன் வாங்கியவரைக் காக்கும் சட்டங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்தது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் இன்னும் நுணுக்கமானவை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது; மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது; உறவினர், நண்பர், உடன் வேலை செய்வோரைத் தொல்லைப்படுத்தக்கூடாது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம், வலுக்கட்டாய வசூலுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்து இன்னொரு சட்டம் இயற்றியது. எல்லாம் வேண்டியவை. ஆனால் மிரட்டுபவர் வெளியிலிருந்து வருவார் என்ற எண்ணத்திலேயே இவை எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற குழுப் பொறுப்பில் அந்த வேலை பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது.

ஒருவர் கடனுக்கு அண்டை வீட்டாரைப் பொறுப்பாக்குவது அறமா?

இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நகையும் பத்திரமும் இல்லாத பெண்ணை வங்கி வாசலில்கூட நிற்க விடாத காலம் இருந்தது. அவருக்கு வேறொரு கதவைத் திறந்தது இந்தக் குழுதான். அது இல்லாவிட்டால் அவர் தண்டல்காரரிடமோ கந்துவட்டிக்காரரிடமோ போய் நின்றிருப்பார். கணவருக்குத் தெரியாமல் ஐந்நூறு ரூபாய்கூட வைத்துக்கொள்ள முடியாத பெண்கள், தம் பெயரில் கடன் வாங்கி, மாடு வாங்கி, தையல் இயந்திரம் வாங்கி நிமிர்ந்ததும் உண்மை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. கட்ட முடிந்தும் ஏமாற்றுபவர்மீது ஒன்பது பேருக்கு வரும் கோபம் நியாயமான கோபமே.

சிக்கல், கட்ட முடியாதவர் வரும்போது. மழையில் வேலை போனவருக்கும் மருத்துவமனைச் செலவில் மூழ்கியவருக்கும் தேவை இரண்டு மாத அவகாசம். அதைக் கொடுக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லை. அவரால் முடிந்ததெல்லாம் நெருக்குவது, அல்லது தன் வீட்டு அரிசிப் பணத்தை எடுத்து வைப்பது. இரக்கம் காட்டும் உரிமையைக் கொடுக்காமல் வசூலிக்கும் பொறுப்பை மட்டும் ஒருவர்மேல் சுமத்துவது கொடுமை.

இன்னொன்றும் உண்டு. பிணையில்லாத கடன் என்பதால் ஆபத்து அதிகம் என்று சொல்லித்தான் இதற்குக் கூடுதல் வட்டி வைக்கிறார்கள். ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது வழக்கம். 2022 விதிகள் வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டன. ஆபத்துக்கான கூலியை நிறுவனம் வாங்கிக்கொண்டு, ஆபத்தை ஒன்பது பெண்களிடம் தள்ளிவிடுவது எந்தக் கணக்கில் நேர்மை? குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. அதைப் பார்க்கவேண்டியவர் கடன் கொடுப்பவர். அவர் சரியாகப் பாராமல் நான்காவது கடனையும் கொடுத்துவிட்டு, அது முறியும்போது அண்டை வீட்டாரிடம் கை நீட்டுகிறார்.

கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தார்கள் என்று கேட்கலாம். கையெழுத்துப் போடாமல் கடன் கிடைக்கும் வழி அவர்களுக்கு முன் இருந்ததா?

கூட்டுப் பொறுப்பை உலகறியச் செய்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கியே, 2000களின் தொடக்கத்தில் தன் முறையைத் திருத்தியபோது, ஒருவர் கடனை மற்றவர் அடைக்கவேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. குழு நீடித்தது, வங்கியும் நீடித்தது. இங்கும் அது முடியும். குழு ஒருவரை அறிமுகப்படுத்தலாம், சாட்சி சொல்லலாம், தவணை நாளை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்பது தவறு. கட்டியவர்களை உட்கார வைத்து, கட்டாதவரின் வாசலுக்கு அனுப்பும் கூட்டத்தை வலுக்கட்டாய வசூல் என்றே ரிசர்வ் வங்கி விதியில் எழுதவேண்டும்.

அதுவரை, தவணையைக் கட்டியவர் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்து போகலாம். யாராவது தடுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்கத் தொலைபேசி எண் 14448.