உத்தரவுங்க எஜமான்!

தனக்குச் சம்பந்தமே இல்லாத யுத்தத்தில் மாட்டிக்கொண்ட சாதாரண மனுஷன் என்ன செய்யலாம்? எதிர்த்தால் சுடுவார்கள். ஓடினாலும் சுடுவார்கள். சரி, பணிந்து போய்விடலாம் என்றால், எதிரி சுடுவான்!

நாலாவதாக ஒரு வழி உண்டு என்று காட்டினார் செக் எழுத்தாளர் யரோஸ்லாவ் ஹாஷெக். அளவுக்கு மீறிப் பணிந்து போவது.

1921-ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நாவலின் நாயகன் ஷ்வெய்க், பிராக் நகரில் தெருநாய்களுக்குப் போலி வம்சாவளி எழுதி விற்கிறவன். 'இவன் முட்டாள்' என்று ராணுவமே சர்டிஃபிகேட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆசாமி. 1914-ல் முதல் உலகப்போர் வெடிக்கிறது. மூட்டுவலியோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை ஆட்டிக் கோஷம் போட்டுக்கொண்டே படையில் சேரப் புறப்படுகிறான். டாக்டர்களுக்கோ சந்தேகம்... பயல் நடிக்கிறான்!

அப்புறம் அவன் செய்வதெல்லாம் ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி செய்வது. ரயிலைத் தவறவிட்டுத் தன் படைப்பிரிவைத் தேடி நடக்கிறான், தப்பான திசையில். ரஷ்ய ஒற்றன் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அவனோ எல்லோருக்கும் பணிவாக சல்யூட் அடிக்கிறான். நம் தொழிற்சங்கங்கள் 'விதிப்படி வேலை' என்று போராட்டம் நடத்துமே, அதே தந்திரம். விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் ஆபீஸே ஸ்தம்பித்துவிடும்!

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி. லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பிய ஐக்மனும் 1961-ல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் 'உத்தரவுப்படி செய்தேன்' என்றுதானே சொன்னான்? ரெண்டுமே கீழ்ப்படிதல். அப்படியென்றால் வித்தியாசம்?

விளைவைப் பாருங்கள். ஐக்மன் கீழ்ப்படிந்தால் ரயில்கள் நேரத்துக்குப் போய்ச் சேரும். ஷ்வெய்க் கீழ்ப்படிந்தால் எதுவுமே போய்ச் சேராது. ஒருவன் இயந்திரத்துக்கு எண்ணெய், இன்னொருவன் அதில் விழுந்த மணல். 1933-ல் நாஜிகள் எரித்த புத்தகங்களில் இந்த நாவலும் இருந்ததில் ஆச்சரியமில்லை.

அதற்காக ஷ்வெய்க்கை மகாத்மாவாக்கிவிட வேண்டாம். அவன் குடிக்கப் போகும் மதுக்கடையின் முதலாளி, சக்கரவர்த்தி படத்தை ஈ அசிங்கப்படுத்துகிறது என்று கழற்றி வைத்ததை மஃப்டி போலீஸ்காரனிடம் உளறிவிடுகிறார். பத்து வருஷம் ஜெயில். கூடவே கைதான ஷ்வெய்க் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறான். அவன் திருடிக் கொடுத்த நாயால் மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போக வேண்டியவர், அவனை நம்பிய லெஃப்டினன்ட். முட்டாள் வேஷம் போட்டவனின் தோலைக் காப்பாற்றியது. பக்கத்தில் நின்றவனைக் காப்பாற்றவில்லை.

ஷ்வெய்க் நிஜமாகவே முட்டாளா, நடிகனா? ஹாஷெக் கடைசிவரை சொல்லவில்லை. 1923-ல், 39 வயதில், நாவலை முடிக்காமலே இறந்துபோனார். அவரும் 1915-ல் அதே ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ரஷ்யர்களிடம் சிறைப்பட்டவர்தான்.

அநியாயமான உத்தரவுக்கு நேருக்கு நேராக 'முடியாது' என்று சொல்பவனே வீரன். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது. வராதவர்கள் குறைந்தபட்சம் அந்த வேலையைத் திறமையாகச் செய்யாமலாவது இருக்கலாம்.

அதுவும் ஒரு தர்மம்தான். சின்ன தர்மம்.