நண்பன்பால் எழுந்த ஐயம்



சென்ற தசலட்சணப் பருவத்தில் ஓசூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் சில நாட்கள் தங்கி அறவுரை ஆற்றி வந்தோம். உத்தம சத்தியம் பற்றிப் பேசிய நாளன்று, கூட்டம் கலைந்த பின்னும் ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தார். பாரூரைச் சேர்ந்தவர், சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிபவர். நடுவயதினர். அவர் கேட்ட வினா இது: "ஐயா, உற்ற நண்பனை ஐயுறுதல் பாவமா? ஐயுற்றும் வாளாவிருத்தல் பாவமா?"

அவரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறும் பாரூர்ப் பெரிய ஏரியின் கரையில் ஒன்றாக விளையாடி, ஒரே பள்ளியில் பயின்ற தோழர் ஒருவர் அவருக்கு உண்டு. அத்தோழர் இப்போது வங்கி ஒன்றின் கடன் பிரிவில் ஊழியர். அவ்விருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவர், தம் மாந்தோப்பின் பத்திரத்தை அவ்வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றிருந்தார். விளைச்சல் பொய்த்துத் தவணை தவறிற்று. சில திங்களில் நிலத் தரகர் ஒருவர் அவர் வாயிலில் வந்து நின்றார். தொழிற்சாலைகள் பெருகப் பெருக நிலவிலை ஏறிவரும் பகுதி அது என்பதை நீங்கள் அறிவீர்கள். தரகரோ மிகக் குறைந்த விலையைச் சொல்லி, "உங்கள் நிலைமை எனக்குத் தெரியும்" என்றாராம். அவருக்கு எவ்வாறு தெரிந்தது? பாரூர் அன்பரின் உள்ளத்தில் தோழரின் முகம் தோன்றிவிட்டது. அன்று முதல் உறக்கமில்லை.

இத்தகைய செயலை நம் ஆசாரியர்கள் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் சத்தியாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ரஹோப்யாக்யானம் என்பது பிறருடைய மறைவான செய்தியை வெளியிடுதல்; நியாசாபகாரம் என்பது நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல்; சாகாரமந்திரபேதம் என்பது முகக்குறிப்பாலும் செய்கையாலும் அறிந்துகொண்ட பிறர் எண்ணத்தைப் புறத்தே சொல்லுதல். சொல்லியது மெய்யே ஆயினும், சொல்லும் உரிமை இல்லாதபோது சத்திய விரதத்திற்கு அது மாசு என்பதே இதன் கருத்து. பெரியவர் தவணை கட்டவில்லை என்பது பொய்யன்று. ஆயினும் அது வங்கியிடம் அவர் வைத்த அடைக்கலம்.

நம் சமூகத்தாரிடம் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் அடகுக்கடை வைத்திருப்போர் நம்மில் பலர். எந்த வீட்டுத் தாலிக்கொடி எந்தத் திங்களில் கடைக்கு வந்தது என்பது அடகுப் பதிவேட்டில் உள்ளது. அதைத் திண்ணையில் அமர்ந்து பேசிய கடைக்காரர் அவ்வூரில் நிலைத்ததில்லை. வட்டியைப் பற்றி நம்மீது குறை கூறுவோர்கூட இவ்வகையில் நம் முன்னோரைக் குறை கூறியதில்லை.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. டூர்னியர் என்பவர் நேஷனல் புரொவின்ஷியல் வங்கியில் இருப்புக்கு மேல் எடுத்த சிறு தொகைக்குத் தவணை தவறினார். வங்கியின் கிளை மேலாளர் அவர் பணிபுரிந்த நிறுவனத்திற்குத் தொலைபேசியில் பேசி, அக்கடனையும் பந்தயக்காரருடன் அவருக்குத் தொடர்பு இருந்ததையும் கூறிவிட்டார். அவருக்கு வேலை போயிற்று. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளரின் மறைபொருளைக் காப்பது வங்கியின் கடமை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் நாட்டுடைமை வங்கிகளுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் ஒவ்வொருவரும் பணியேற்குமுன் நேர்மையும் மறைகாப்பும் குறித்து உறுதிமொழி எழுதித் தரவேண்டும் என்கிறது. அவ்வுறுதியும் ஒருவகையில் விரதமே. ஓசூருக்கு அடுத்துள்ள பெங்களூரிலேயே 2006இல் எச்.எஸ்.பி.சி. வங்கியின் தகவல் பணி மையத்து ஊழியர் ஒருவர், இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களை வெளியே கொடுத்தார் என்று கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ இருபது பேர் கணக்கிலிருந்து சுமார் 2,33,000 பவுண்டு களவு போனதாக அப்போது செய்தி வந்தது. ஆகவே பாரூர் அன்பரின் ஐயம் வெறுங்கற்பனை என்று நாம் தள்ளிவிடவில்லை.

எனினும் அவருக்கு முதலில் வாரிசேணர் கதையைச் சொன்னோம். சிரேணிக மன்னனின் மைந்தர் வாரிசேணர், இரவில் சுடுகாட்டில் தியானத்தில் நின்றார். அணிகலனைத் திருடி ஓடிய வித்யுச்சோரன், காவலர் நெருங்கவே அதை அவர் காலடியில் போட்டு மறைந்தான். காவலர் அணிகலனைக் கண்டனர். அதன் அருகே அவரையும் கண்டனர். கண்டது முற்றும் உண்மை. முடிவு முற்றும் பிழை. மன்னன் ஒரு வினாவும் எழுப்பாமல் பெற்ற மகனுக்கே கொலைத்தண்டனை விதித்தான். ஓங்கிய வாள் பூமாலையானது என்று கதை முடிகிறது. நம் காலத்தில் ஐயுறப்பட்டவர் கழுத்தில் வாள் மாலையாவதில்லை. வேலை போகிறது, பெண்ணின் திருமணம் தடைப்படுகிறது.

பின்னர் அவரிடம் கேட்டோம்: "தரகர் கூறியது என்ன? கடன் உண்டு என்பதா, தவணை தவறியது என்பதா?" அவருக்குத் தெரியவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெறும்போது அவ்வொப்படைப்பைப் பதிவு செய்வது தமிழ்நாட்டு வழக்கம். பதிந்தால் கடன்தொகை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அச்சான்றை எவரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதில் கடன் தெரியும். எத்தனை தவணை தவறியது என்பது தெரியாது. தரகர் முதலைமட்டும் கூறியிருந்தால் நண்பரை ஐயுற இடமே இல்லை.

"இதுவரை இதை யாரிடம் கூறினீர்?" என்றும் கேட்டோம். சற்றுத் தயங்கி, தொழிற்சாலையில் உடன்பணிபுரியும் இருவரிடம் கூறியதாகச் சொன்னார். அன்பர்களே, இங்கு நாம் சிறிது நிற்க வேண்டும். நண்பர் ஒருவரின் மறைவை வெளியிட்டார் என்று நொந்துகொள்பவரே, நண்பரைப் பற்றித் தாம் ஐயுற்றதை இரண்டு வாய்களில் போட்டுவிட்டார். இதுவும் ரஹோப்யாக்யானமே, மெய்யென்று தெரியாத நிலையில் அதனினும் கொடிது.

இன்னொன்றும் வெளிவந்தது. பெரியவருக்குக் கடன் நெருக்கடி என்பது இவருக்கு எவ்வாறு தெரியும்? தோழரே முன்பு சொன்னதுதான். இன்னார் கணக்கில் இவ்வளவு இருக்கிறது, இன்னார் நகைக்கடன் மூழ்கப் போகிறது என்று ஏரிக்கரையில் மாலைநேரங்களில் தோழர் சொல்லுவாராம். இவர் சுவைத்துக் கேட்பாராம். பல ஆண்டுகளாக. களவுப் பொருளை வாங்குதல் அசௌரிய விரதத்தின் அதிசாரம் என்று அறிவோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றினுள் உடன்படுதலும் வினைக்கட்டே. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. நமக்கும் வருத்தமாயிருந்தது, ஆனால் சொல்லாமல் விட இயலவில்லை.

"உபகூகனம் என்று பிறர் குற்றம் மறைத்தலை நற்காட்சியின் அங்கமாகக் கூறினீர்களே, நானும் மறைத்துவிடலாமா?" என்றார். நல்ல வினா. அந்த அங்கத்திற்கு எடுத்துக்காட்டாக விளங்கும் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரை நினைவுகூர்வோம். பிரமசாரி வேடம் பூண்ட கள்வன் ஒருவன், அவர் வழிபட்ட பார்சுவநாதர் திருவுருவத்துக் குடையிலிருந்த வைடூரியத்தைக் கவர்ந்தான். காவலர் துரத்த, அவரிடமே வந்து வீழ்ந்தான். "நான் கொண்டுவரச் சொன்னதையே கொண்டுவந்தார்" என்று வணிகர் காவலரை அனுப்பிவிட்டு, பின்னர் தனிமையில் அவனைக் கடிந்து வெளியேற்றினார். வேடத்தால் அறத்திற்குப் பழி நேராதபடி மறைத்தார். இதில் பலர் கவனியாத ஒன்று உண்டு: அவர் மறைத்தபோது மணி அவர் கைக்கு வந்துவிட்டது. பொருளுக்குரியவரும் அவரே. இங்கோ தோப்பு வேறொருவருடையது. அது இன்னும் கைநழுவும் நிலையிலேயே உள்ளது. பிறர் பொருளில் நாம் பொறுமை காட்ட நமக்கு உரிமையில்லை.

ஆதலால் அவருக்கு நாம் கூறியது: முதலில் பெரியவரிடம் சென்று தரகரின் சொற்களைக் கேட்டறிக, எவர் பெயரையும் சொல்லவேண்டா. தவணைச் செய்தி வெளியேறியிருந்தால், வங்கிக்கு எழுதிக் கேட்கும் உரிமை கணக்குக்குரிய பெரியவருக்கே உண்டு. கணக்கை எந்த ஊழியர் எப்போது திறந்து பார்த்தார் என்பது இக்காலக் கணினிமுறையில் பதிவாகிறது; குற்றமற்றவராயின் அப்பதிவே நண்பரைக் காக்கும். வங்கி முப்பது நாளில் தக்க விடை தராவிடில், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறது. ஆனால் இவற்றிற்குமுன் நண்பரிடம் தனியே சென்று, நேரே கேட்க வேண்டும். வாரிசேணர் பிற்காலத்தில், துறவில் தளர்ந்த தோழர் புஷ்பதாலரைக் கைவிடாமல் நிலைநிறுத்தினார். ஐயுறப்பட்டவரின் துன்பத்தை அறிந்த ஒருவருக்கே அது கைவந்தது போலும்.

தீபாவளிக்குப் பின்னர் அவர் எமக்கு எழுதினார். தரகர் சொன்னது நான்கு தவணை. எண்ணிக்கை சரியாக இருந்தது. நண்பரை ஏரிக்கரைக்கு அழைத்துக் கேட்டிருக்கிறார். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "தரகனுக்கு நான் சொல்லவில்லை, வீட்டில் சொன்னேன்" என்றாராம் நண்பர். அத்தரகர் அவர் மனைவியின் தமையன். மறுநாள் நண்பரே பெரியவரிடம் சென்று கூறியிருக்கிறார். பெரியவர் சினக்கவில்லை, ஆயினும் வங்கிக்கு எழுதினார். எழுத வேண்டும் என்று சொன்னவரும் நண்பரே என்று கடிதத்தில் கண்டபோது நாம் அதை இருமுறை வாசித்தோம்.

விசாரணை முடியவில்லை. தோப்பு விலைபோகவில்லை, நிலுவையைப் பிரித்துக் கட்ட வங்கி இசைந்திருக்கிறது. பாரூர் அன்பர், தாம் முன்பு பேசிவிட்ட இருவரிடமும் சென்று, அவசரப்பட்டுப் பேசியது தம் பிழை என்று கூறிவந்தாராம். அவர்களுள் ஒருவர் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறார். மாலைநேரங்களில் தோழர்கள் இருவரும் இன்னும் ஏரிக்கரைக்குச் செல்கிறார்கள். பேச்சு மிகவும் குறைந்துவிட்டதாம்.