போன ஞாபகத்தை முருகன் திருப்பித் தருவானா?

ஓம் சரவணபவ!



எங்க வல்லம் பக்கத்துல பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டு, காவடி எடுத்து, திண்டிவனம் வழியா மயிலம் போறவங்க நிறைய பேர். அதுல குடியை விடணும்னே மாலை போடுறவங்களும் உண்டு. அவங்க வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "முருகன் புண்ணியத்துல குடியை விட்டுட்டாரு. ஆனா காலையில சொன்னது சாயங்காலம் ஞாபகம் இல்லையே. போன ஞாபகம் திரும்பி வருமா?"

"முருகன் பார்த்துப்பான்"னு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். அது உண்மைதான், ஆனா பாதி பதில். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஒண்ணு காணோம்னா, அழிஞ்சதா, எழுதப்படவே இல்லையான்னு முதல்ல பார்க்கிறது பழக்கம். இதையும் அப்படியே பார்ப்போம்.

குடியால போற ஞாபகம் மூணு விதம்.

முதலாவது, போதை தலைக்கேறின ராத்திரிகள். "நேத்து என்ன பேசினேன்னே தெரியல"ன்னு சொல்லுவாங்களே, அது. அந்த நேரத்துல மூளை புது நினைவைப் பதிக்கிற வேலையையே நிறுத்திடுது. சேவ் பண்ணாத ஃபைல் மாதிரி. பதியாத ஒண்ணு திரும்பி வராது. அதுக்காக அவரை உட்கார வச்சு "யோசி, யோசி"ன்னு கேட்டு அழ வைக்காதீங்க.

இரண்டாவது, பல வருஷக் குடியால வர்ற மந்தம். கவனம் நிக்காது, பேர் வராது, கணக்கு தப்பும். இது பெரும்பாலும் சரியாகக்கூடியது. குடியை விட்ட சில வாரத்துல தெளிவு தெரிய ஆரம்பிக்கும். தூக்கம் சீராக இன்னும் நாளாகும். முன்னேற்றம் மாசக்கணக்குல, சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் தொடரும்.

மூணாவதுதான் கவனமா இருக்க வேண்டியது. தினமும் குடிச்சு, சரியா சாப்பிடாம இருக்கிறவங்க உடம்புல தயமின்ங்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். திடீர்னு குழப்பம், நடை தள்ளாட்டம், கண் ஓரிடத்துல நிக்காம ஆடுறது – இதெல்லாம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். குடிச்சுக் கெட்ட குடல் அந்த வைட்டமினைச் சரியா உறிஞ்சாது. அதனாலதான் மாத்திரையோட விடாம ஊசியா ஏத்துவாங்க. தாமதமானா நினைவு நிரந்தரமா பாதிக்கும். 1880-களிலேயே ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் இந்த மறதியை விவரிச்சு எழுதினார். இன்னைக்கும் அந்த நோய்க்கு அவர் பேர்தான்.

எங்க சொந்தத்துல ஒரு மாமாவுக்கு இது வந்தது. படுக்கையை விட்டு எழுந்திரிக்காதவர், "நேத்து சந்தைக்குப் போனேன், மாடு பார்த்தேன்"ன்னு விலாவாரியா சொல்லுவார். "குடியை விட்டாரு, பொய்யை விடலையே"ன்னு அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. அது பொய் இல்லைன்னு டாக்டர் விளக்கின பிறகுதான் எங்களுக்குப் புரிஞ்சது. நினைவுல விழுந்த ஓட்டையை மூளை தானாவே எதையாவது போட்டு அடைக்குது. அவருக்கு அது பொய்னே தெரியாது. ஊசி, சாப்பாடு, குடி இல்லாத மாசங்கள்னு போகப்போக, பேரெல்லாம் வந்தது, வழி தெரிஞ்சது. ஆனா மகளோட காது குத்து விழா மட்டும் அவருக்கு இன்னைக்கு வரைக்கும் வரல.

அப்போ முருகன் முழுசா திருப்பித் தரலையா? இங்கதான் நம்ம அருணகிரிநாதரை நினைக்கணும்.

திருவண்ணாமலையில இளமையைச் சீரழிச்சு, உடம்பு கெட்டு, வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சான்னு கேட்டிருக்கோம். பாழான நாட்களை முருகன் அவருக்குத் திருப்பிக் கொடுத்ததா கதையில எங்கயும் இல்லை. மிச்சம் இருந்த நாளைத்தான் கொடுத்தான். அந்த நாள்ல பிறந்ததுதான் திருப்புகழ்.

அந்தத் திருப்புகழுக்கே என்ன ஆச்சு? பாடினது பதினாறாயிரம்னு சொல்லுவாங்க. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது சுமார் 1,300 பாட்டு. அதுவும் தானா வந்து சேரலை. வ.த. சுப்பிரமணிய பிள்ளைங்கிற மாவட்ட முன்சீப், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில ஊர் ஊரா ஏடு தேடித் திரட்டி அச்சுல கொண்டுவந்தார். யார் யார் வீட்டுப் பரண்லயோ, யார் யார் வாயிலயோ இருந்ததுதான் நமக்குக் கிடைச்சது. கிடைக்காம போனதுக்காக யாரும் திருப்புகழைக் குறைவா நினைக்கிறது இல்லை. கிடைச்சதைப் பாடித்தான் இத்தனை பேர் கரையேறுறோம்.

குடியை விட்டவருக்கும் இதேதான். அவர்கிட்ட இல்லாத ஏடு வீட்டுல இருக்கிறவங்க கிட்ட இருக்கு. இப்போ எங்க அத்தை என்ன செய்றாங்க தெரியுமா? "ஞாபகம் இருக்கா?"ன்னு சோதிக்கிறதை விட்டுட்டு, "அன்னைக்கு நீங்க பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தீங்க, பாப்பா உங்க மடியிலதான் இருந்தா"ன்னு சொல்லித் தராங்க. அவரும் கேட்டுக்கிறார்.

அடுத்தது, மாலை பத்தி ஒரு விஷயம். 48 நாள் விரதம் முடிஞ்சு மாலை கழட்டின அன்னைக்கே கடைக்குப் போறவங்களைப் பார்க்கிறோம். உடனே ஊர் சொல்லும், "இவன் பக்தியெல்லாம் வேஷம்"னு. கந்தபுராணத்துல சூரபத்மனைப் பாருங்க. போர்க்களத்துல முருகன் விசுவரூபம் காட்டினப்போ அவனுக்கே ஞானம் வந்தது, கை கூப்பத் தோணிச்சு. அந்தக் காட்சி மறைஞ்சதும் பழைய ஆங்காரம் திரும்பிடுச்சு, மறுபடி ஆயுதம் எடுத்தான். அதுக்காக முருகன் அவனைக் கைவிட்டானா? மாமரமா நின்னவனை வேலால பிளந்து மயிலாவும் சேவலாவும் ஏத்துக்கிட்டான். அந்தச் சூரன் தவம் இருந்து மயில் வடிவ மலையா ஆன இடம்தான் நம்ம மயிலம்னு தல வரலாறு. விழுந்தவன் தவம் இருந்த மலையிலதான் நாம படியேறுறோம்.

அதனால 48 நாளைக் கடைசி நாளா வைக்காதீங்க. மூளை தேறுறதுக்கு அது தொடக்கம்தான். மாலை கழட்டின மறுநாள் என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வையுங்க. கந்தர் அனுபூதியில 51 பாட்டு இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னு மனப்பாடம் பண்ணிப் பாருங்க. இது மருந்து இல்லை. ஆனா காலையில படிச்சது ராத்திரி நினைவுல நிக்கும்போது, "என் தலை இன்னும் வேலை செய்யுது"ன்னு ஒரு நம்பிக்கை வரும். நிக்கலையா, அதே பாட்டை மறுநாளும் படிங்க, முருகன் அவசரப்படுத்த மாட்டான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதீங்க. வருஷக்கணக்கா தினமும் அதிகமா குடிக்கிறவர், மாலை போட்ட அன்னைக்கே சட்டுனு நிறுத்தினா முதல் சில நாள் ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியறதுன்னு வரலாம். அதைச் "சாமி வந்திருக்கு", "காத்து பிடிச்சிருக்கு"ன்னு திருநீறு போட்டு வீட்டுல உட்கார வச்சா உயிரே போகலாம். மாலை போடறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. நமக்குப் பக்கத்துல முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, புதுச்சேரி ஜிப்மர் இருக்கு. போன்லயே பேசணும்னா 14446, போதை மீட்புக்கான இலவச எண். வைத்தியநாதன் பிள்ளை நம்ம முருகன். மருந்து சாப்பிடறது அவன்மேல நம்பிக்கை இல்லாததால இல்லை.

முருகா! குடியை விட்ட ஒவ்வொருத்தருக்கும் திரும்ப வரக்கூடிய நினைவு வரட்டும். வராததைச் சொல்லித் தர ஒரு துணை பக்கத்துல இருக்கட்டும். இனி வர்ற நாள் எல்லாம் மறக்காம மனசுல பதியட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
மயிலம் முருகனுக்கு அரோகரா!