யாருடைய பொழுது?

பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். கூலிக்கு முடைந்தால் கைத்தொழில். வீட்டுக்கு முடைந்தால் பொழுதுபோக்கு. இரண்டையும் கலை என்று சொல்வோர் அரிது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியும் 1920களில் பெரும்பாலான மாணவிகளை நெசவுக்கூடத்துக்கே அனுப்பியது. அங்கே தறி பிடித்த ஆனி ஆல்பர்ஸின் நெசவுகளை 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக்காட்சியாக வைத்தது.

ஆனால் அருங்காட்சியகம் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து, வீட்டுவேலையும் முடித்து, நோட்டில் செம்பருத்தி வரைகிற பெண்ணிடம் "இதனால் என்ன பயன்?" என்கிறார்கள். அவள் நேரம் குடும்பத்தின் சொத்து என்ற நினைப்பிலிருந்து பிறக்கும் கேள்வி அது. கிரிக்கெட் பார்க்கும் கணவனிடம் யாரும் பயன் கேட்பதில்லை. பயன் கருதாமல் ஒன்றைச் செய்வது உழைப்பவளின் உரிமை. அவள் வரையும் அரைமணி நேரத்தில் பாத்திரம் கழுவ வீட்டில் இன்னொருவர் எழுந்தாக வேண்டும்.