நடுவும் விளிம்பும்

சீடன்: ஐயா, அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளைப் படித்தேன். பால்வீதி முழுவதும் ஒரே பேரரசு. ஏறத்தாழ இரண்டரைக் கோடி உலகங்கள். ஆனால் மனிதன் எந்த உலகில் பிறந்தான் என்பதே அங்கு மறந்துபோயிருக்கிறது. நம் பூமிக்கா இந்தக் கதி என்று மனம் கனத்தது.

குரு: பேரரசின் தலைநகர் எங்கே இருந்தது?

சீடன்: டிராண்டரில். பால்வீதியின் நடுவை ஒட்டி.

குரு: தெற்கே பார். தேளின் கொடுக்கில் மூல நட்சத்திரம். அதற்குக் கிழக்கே, தனுசுப் பக்கம், வெண்மை தடித்துத் தெரிகிறதே, அந்தத் திசையில்தான் நடு. ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவு. அங்கிருந்து அரசன் விடுத்த ஆணை ஒளியின் வேகத்தில் வந்தால் எப்போது நம்மை எட்டும்?

சீடன்: 26,000 ஆண்டுகள் கழித்து.

குரு: அசிமோவின் பேரரசு எவ்வளவு காலம் நின்றது?

சீடன்: 12,000 ஆண்டுகள். முதல் அரசன் முடிசூடிய செய்தி இங்கு வருமுன் பேரரசே விழுந்திருக்கும்!

குரு: அதனால்தான் ஹைப்பர்ஸ்பேஸ் என்ற குறுக்குவழியை வைத்தார்.

சீடன்: இயற்கையின் விதியை மீறிய கதையால் என்ன பயன்?

குரு: தூரம் தடையில்லை என்றாலும் மனிதன் கட்டிய அரசு நிலைக்குமா என்பது அவர் கேள்வி. தூரத்தையே கேள்வியாக்கியவரும் உண்டு. உர்சுலா லெ குவின் 1964இல் எழுதிய கதையில், செம்லி என்பவள் குலத்து நகையை மீட்க வேற்றுலகம் போகிறாள். அவளுக்கு அது ஒரு நீண்ட இரவு. திரும்பி வந்தால் கணவன் இறந்துவிட்டான். விட்டுச்சென்ற குழந்தை குமரியாகி நிற்கிறாள். ஒளியாண்டு என்ற சொல்லின் கனம் அங்கே புரியும்.

சீடன்: ஆனாலும் அசிமோவ் அரியணையை ஏன் நடுவில் போட்டார்?

குரு: அது மனிதனின் பழைய ஆசை. முதலில் பூமியை நடுவில் வைத்தான். பிறகு சூரியனை வைத்தான். சூரியனும் பால்வீதியின் நடுவிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது என்று ஹார்லோ ஷாப்லி 1918 வாக்கில் காட்டினார். முதல் ஃபவுண்டேஷன் கதை வந்தது 1942இல். விண்ணியல் நம்மை நடுவிலிருந்து எழுப்பிவிட்டது; கதை அங்கே மறுபடி ஒரு நாற்காலி போட்டது.

சீடன்: உண்மையில் அங்கே இருப்பது என்ன?

குரு: 40 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. அதன் நிழலைக் காட்டும் படம் 2022இல் வெளியானது. 1992இல் வெர்னர் விஞ்சி எழுதிய நாவலில், பால்வீதியின் நடுவில் அறிவே வேலை செய்யாது; வெளியே போகப் போகத்தான் கூர்மையாகும்.

சீடன்: அசிமோவும் அறிவைக் காக்கும் டெர்மினஸ் உலகை விளிம்பில்தானே வைத்தார்!

குரு: டிராண்டர் சூறையாடப்பட்டது, டெர்மினஸ் நின்றது. நாம் இருப்பது நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே, பால்வீதி என்ற தட்டின் உள்ளே. அதனால்தான் பால்வீதி நமக்கு வானில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. நடுவின் நெரிசலில் பிறந்திருந்தால் விண்மீன்களின் வெளிச்சத்தில் இரவே வெளுத்திருக்கும். ஆண்ட்ரோமிடாவின் மெல்லிய ஒளித்திட்டைக் கண்டு, அது தனியொரு விண்மீன் மண்டலம் என்று உணர நமக்கு இருட்டு வேண்டியிருந்தது.

சீடன்: ஒதுங்கியிருப்பது குறையில்லை என்கிறீர்கள். ஆனால் பூமி மறக்கப்பட்டதே?

குரு: 1986இல் வந்த ‘ஃபவுண்டேஷனும் பூமியும்’ படித்தாயா? அதில் பூமியைத் தேடிப் புறப்படும் ட்ரெவைஸ் எந்த ஊர்க்காரன்?

சீடன்: டெர்மினஸ்காரன், ஐயா. விளிம்பிலிருந்து வந்தவன்.

குரு: நடு மறந்ததை விளிம்பு தேடியது. விளக்கை அணைத்துவிட்டு வா. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்.